கோழிக் கொட்டகை என்று எழுதியது நான்தான்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் கொட்டகையில் இன்று காலை செத்தவை பதினொன்று. குளிர் விட்டுவிட்டதென்று என் வீட்டுக்காரர் ராய்ஸ் நேற்று மேற்குப் பாவாடையை (கீழிருந்து மேலே ஏற்றி மூடுகிற துணித் திரை) பாதி இறக்கிவிட்டு வந்திருக்கிறார். விடிவதற்குள் காற்று திரும்பிவிட்டது. ஐந்து நாள் குஞ்சுகள், பாவம், எல்லாம் கிழக்கு மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வாளியை எடுத்துக்கொண்டு பொறுக்கினேன். முப்பத்தோரு வருடமாகப் பொறுக்குகிறேன். “குளிர்காலம் போச்சுன்னு உங்ககிட்ட யாரு வந்து சொன்னா?” என்று கேட்டேன். வானொலிக்காரன் சொன்னான் என்றார்.

மாலையில் பல்கலைக்கழக அணி மியூல்ஸின் பேஸ்பால் ஆட்டம். 7–2, ஜெயித்தோம். மைதானத்துக்குப் போகிற நாளில் நான் இரண்டு முறை குளிப்பேன். ராய்ஸ் வரமாட்டார், அவருக்குப் பேஸ்பால் என்றால் தூக்கம். என் இடம் மூன்றாம் பேஸ் பக்கம், ஒன்பதாம் வரிசை. பக்கத்தில் ஹோயட், முப்பது வருடம் இந்தக் கவுண்டிக்குத் தபால் போட்டவர். அவித்த வேர்க்கடலைப் பையை என் பக்கம் நீட்டுவார். பந்து வீசுகிற பிட்சரை மாற்றச் சொல்லித் திட்டுவார். நல்ல மனிதர். வாய்தான் நீளம்.

மார்ச் 7, வெள்ளி

புது மைதானத்தின் படத்தைப் பல்கலைக்கழகம் இன்று மத்தியானம் வெளியிட்டுவிட்டது. இரண்டு வருடமாக வருகிறது, வருகிறது என்றார்கள். வந்ததைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இருக்கைகள் முழுவதையும் மூடி ஒரே நீளத் தகரக் கூரை. முகட்டில் நீளவாக்கில் ஒரு பிளவு. மேற்குப் பக்கம் ஏற்றி இறக்குகிற துணித் திரை. வரைந்தது மெம்ஃபிஸில் ஒரு நிறுவனம் என்று மட்டும் போட்டிருக்கிறது.

‘வேலியோரம்’ பக்கத்தில் அதற்குள் சண்டை. (இணையத்தில் மியூல்ஸ் ரசிகர்கள் நாங்கள் கூடிக் கத்துகிற இடம் அது. அங்கே என் பெயர் ‘ஒன்பதாம் வரிசை’. யாருக்கும் நான் யாரென்று தெரியாது. ராய்ஸுக்கும் தெரியாது.) வலது வேலிக்குப் பின்னால் கறி சுட அடுப்பு போட இடம் விட்டிருக்கிறார்களா என்று ஒருவர். பெண்களுக்குக் கழிப்பறை போதாது என்று ஒருவர். கூரை இருந்தால் பந்து உயரப் போவது மேல் வரிசைக்குத் தெரியாது என்று ஒருவர். எல்லாம் நியாயம்தான். நானும் எழுதினேன்:

“வரைந்தவருக்கு வாழ்த்துகள். நம் கவுண்டியிலேயே நீளமான கோழிக் கொட்டகை இதுதான். பாவாடையை ஏற்றிக் கட்டி, தீவனக் குழாயை மட்டும் மாட்டுங்கள். எட்டு வாரத்தில் மியூல்ஸ் ரசிகர்களை எடை போட்டு லாரியில் ஏற்றிவிடலாம்.”

குளித்துவிட்டு வந்து பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டு பதில். ‘இந்த ஆளுக்குச் சிலை வைக்கணும்.’ ‘சிரிச்சு சிரிச்சு டீயைத் துப்பிட்டேன்.’ ஒருவர் கொட்டகைக்கு முன்னால் லாரி நிற்பதுபோலப் படமே செய்து போட்டுவிட்டார்.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன்.

மார்ச் 8, சனி

மைதானம் முழுக்கக் கொக்கரிப்பு. நம் பையன் பந்தை விட்டால் கொக்கரிப்பு, அவர்கள் விட்டால் இன்னும் பெரிய கொக்கரிப்பு. வலது வேலியில் யாரோ ரப்பர் கோழி கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். “எவன் எழுதினானோ, அவன் வாய்க்குச் சக்கரைதான் போடணும்,” என்றார் ஹோயட். நான் கடலை உரித்தேன்.

ராய்ஸுக்குக்கூடச் செய்தி எட்டிவிட்டது. தீவனக் கடையில் ஒரு ரப்பர் கோழி வாங்கி வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருக்கிறார்.

மகள் லியானா போனில் கூப்பிட்டாள். நாளைக்கு வருகிறாளாம். ஏதோ சொல்ல வேண்டுமாம், போனில் முடியாதாம். கல்யாணமா? முப்பத்து நாலு வயதில் இவள் இனி யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் எனக்குச் சரிதான்.

மார்ச் 9, ஞாயிறு

தூங்கப் போகுமுன் எழுதிவிடுகிறேன்.

லியானா மெம்ஃபிஸிலிருந்து இரண்டரை மணி நேரம் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தாள். பட்டாணி, சோள ரொட்டி, பன்றித் தொடை, பெக்கான் பருப்பு வைத்துச் சுட்ட இனிப்புப் பை. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவிட்டு மேசையில் ஒரு சுருளைப் பிரித்தாள். அந்தப் படம். அதே கூரை.

“இது என்னோடதும்மா. ஆபீஸ்ல போன வருஷமே எங்கிட்ட குடுத்துட்டாங்க. வெளிய சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. முழுக்க நான் வரைஞ்சது.”

ராய்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தார். வண்டியில் எதையோ மறந்துவிட்டாராம். வெளியே போனவர் கண்ணாடியிலிருந்து அந்தக் கோழியைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் போட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

லியானா என்னென்னவோ பெயர்களெல்லாம் சொல்லி விளக்கிக்கொண்டே போனாள். நான் கேட்டது பாதி. பிறகு சொன்னாள்: “நம்ம கொட்டகையப் பாத்துதான் வரைஞ்சேன். ஸ்கூல் பஸ் வர்றதுக்கு முன்னாடி ரெண்டாம் கொட்டகையில போய் நிப்பேன், ஞாபகம் இருக்கா? முகட்டுலேர்ந்து வெளிச்சம் அந்தக் கடைசி வரைக்கும் ஒரே கோடா விழும். ஆகஸ்ட் மாசத்துலயும் உள்ள காத்து ஓடும். மெம்ஃபிஸ்ல எவ்வளவோ கட்டடம் பாத்தாச்சு, அது மாதிரி ஒண்ணு பாக்கல.”

எனக்கு ஞாபகம் இல்லை. அவள் செத்த கோழி பொறுக்கத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் போனை எடுத்தாள். ஒன்பதாம் வரிசை எழுதியதை வாசித்தாள். சிரிக்காமல், ஒரு வார்த்தை விடாமல், லாரி வரைக்கும் வாசித்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நீ என்னம்மா நினைக்கிற?”

“அழகா இருக்கு.”

“நெஜமாவா?”

“நெஜமா. அத எழுதினவன் ஒரு முட்டாப் பய.”

“சரிம்மா,” என்று சுருளைச் சுற்றினாள். இனிப்புப் பை வெட்டினபடியே கிடந்தது. ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றாகச் சுற்றிப் போட்டாள்.

மார்ச் 10, திங்கள்

ஏன் அப்படிச் சொன்னேன்? ‘நான்தாண்டி எழுதினேன், எனக்குத் தெரியாது’ — நாலே நாலு வார்த்தை. வாயில் வந்து நின்றது. முட்டாப் பயலாம். பயலாம்!

எழுதியதை அழிக்கப் பார்த்தேன். பதில் வந்த பிறகு அழிக்க முடியாதாம். அதுவும் போக, கடைத்தெருவில் அந்த வாசகம் போட்ட சட்டை விற்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

ஆட்டத்துக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று ஹோயட்டிடம் சொன்னேன்.

மார்ச் 19, புதன்

நேற்று பல்கலைக்கழக அரங்கில் ரசிகர்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். நானூறு பேருக்குக் குறையாது. மேடையில் லியானா, சாம்பல் நிறக் கோட்டு, கூந்தலை இறுக்கிக் கட்டியிருந்தாள். அவள் வாயைத் திறந்ததும் பின்வரிசையில் ஆரம்பித்தது. கொக் கொக் கொக். அப்புறம் அரங்கம் முழுக்க. பெரிய மனிதர்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர்கள், கைகளைக் கக்கத்தில் வைத்து இறக்கை அடித்தார்கள். ஒருவன் சோளத்தை அள்ளி மேடையில் வீசினான்.

என் பக்கத்தில் ஹோயட்டும் கொக்கரித்தார். தொடையில் கிள்ளினேன்.

“என்ன நெல்டா!”

“அது என் மக.”

வாய் அப்படியே நின்றது அவருக்கு. “அடக் கடவுளே. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

அவள் நிறுத்தவில்லை. சோளம் காலடியில் கிடக்க, காற்று எந்தப் பக்கமிருந்து வரும், மே மாதம் நான்கு மணிக்கு எத்தனை டிகிரி, எல்லாம் சொல்லி முடித்தாள். குரல் ஒரே இடத்தில்தான் உடைந்தது. தண்ணீர் குடித்துச் சமாளித்துக்கொண்டாள். யாரும் கை தட்டவில்லை. நான் தட்டியிருக்கலாம். கை மடியிலேயே கிடந்தது.

பல்கலைக்கழக நிர்வாகக் குழு முடிவை ஏப்ரல் 29 வரை தள்ளி வைத்திருக்கிறது. அதற்குள் திருத்தாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம். அவளுடைய நிறுவனத்துப் பெரியவர் வாசலில் அவளோடு பேசியதைப் பார்த்தேன். அவர் பேசினார், அவள் தலையாட்டினாள்.

நானூறு பேர் வாயிலும் இருந்தது என் வார்த்தை.

மார்ச் 21, வெள்ளி

ஒன்பதாம் வரிசைக்கு ஒரு தனிச் செய்தி வந்திருக்கிறது. இப்படியே எடுத்து எழுதுகிறேன்:

“ஐயா, வணக்கம். மைதானத்தை வரைந்தவள் நான். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. உங்களுக்குக் கோழிக் கொட்டகை உள்ளும் புறமும் தெரியும் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. மற்றவர்கள் கொக்கரிக்கத்தான் செய்கிறார்கள். இந்தக் கூரையில் என்ன தப்பு என்று நீங்கள் சொல்வீர்களா? — லியானா.”

மூன்று தரம் வாசித்தேன். ஐயாவாம். அடி என் கண்ணே.

மார்ச் 22, சனி

கொட்டகை வேலை முடித்துக் கை கழுவிவிட்டுப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் யாரென்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

சொல்லவில்லை. முகட்டுப் பிளவு போதாது என்று எழுதினேன். அந்த அகலத்துக்குச் சூடு மேல் வரிசையிலேயே தங்கிவிடும். மழை பெய்தால் தகரத்துக்கு அடியில் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக் கேட்காது, நாங்கள் கையால்தான் பேசிக்கொள்வோம் என்று எழுதினேன். மேற்குத் திரையை மூன்றரைக்கு ஏற்றினால்தான் மூன்றாம் பேஸ் பக்கம் கண் கூசாது, ஆனால் முழுக்க ஏற்றினால் காற்று செத்துவிடும், மேலே ஒரு முழம் விடு — ‘விடு’ என்று எழுதி, ‘விடுங்கள்’ என்று திருத்தினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில். “நன்றி ஐயா. இன்னும் கேட்கலாமா?”

மார்ச் 30, ஞாயிறு

ஏழு கடிதம் ஆகிவிட்டது. திரைக் கயிறு எந்தக் கயிறு, எலி கடிக்குமா, குருவி கூடு கட்டாமல் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறாள். நானும் வாத்தியார் மாதிரி எழுதித் தள்ளுகிறேன். நேற்று முகட்டை அளக்க ஏணி வைத்து ஏறினேன். “அறுபத்தொரு வயசுல எங்க ஏறுற?” என்று ராய்ஸ் கீழிருந்து கத்தினார். துரு பார்க்கிறேன் என்றேன்.

இன்று சாயங்காலம் வழக்கம்போல அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“எல்லாம் நல்லாத்தானே இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கு. அங்க மழையா?”

“இல்ல. அங்க?”

“இங்கயும் இல்ல.”

இவ்வளவுதான். இருபது வருடமாக இவ்வளவுதான். ஊர் பேர் தெரியாத ஆம்பிளையாக இருந்தால் என் மகள் என்னிடம் என்னவெல்லாம் பேசுகிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவள் கேட்டிருக்கிறாள்: “ஐயா, நீங்கள் சொன்னதையெல்லாம் திருத்திவிட்டேன். இருந்தாலும் உங்களுக்கு இந்தக் கூரையே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது. ஏன்?”

சர்ச்சுக்குப் போகவில்லை. இதற்குப் பதில் எழுதவே காலை முழுக்க ஆயிற்று. எழுதியது:

“முப்பத்தோரு வருடமாகக் கோழி வளர்க்கிறேன். அந்த வாடை தலைமுடியில், பணப்பையில், வேதப்புத்தகத்தில் இருக்கிறது. மளிகைக் கடை வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பவர்கள் ஓரடி தள்ளித்தான் நிற்பார்கள். ஆட்டம் இருக்கிற நாளில் இரண்டு தடவை குளித்துவிட்டு மைதானத்துக்குப் போய் உட்காருவேன். தலைக்குமேல் ஒன்றும் இருக்காது. புல் வாசனையும் கடலை வாசனையும்தான். எனக்கு இருப்பது அந்த ஒரு இடம். உங்கள் படத்தைப் பார்த்தபோது அங்கேயும் கொட்டகை வந்துவிட்டதே என்று இருந்தது. அதனால்தான் அப்படி எழுதினேன். கூரை நல்ல கூரைதான்.”

அனுப்பிவிட்டேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

ஏப்ரல் 9, புதன்

மூன்று நாள் பதில் இல்லை. இன்று வந்தது.

“ஐயா, எனக்கு அது தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் பேஸ் பக்கம் ஒரு பகுதியைக் கூரை இல்லாமல் திறந்தே விட முடியுமா என்று பார்க்கிறேன்.”

தெரிந்திருக்க வேண்டும் என்று ஏன் எழுதினாள்? ஊர் பேர் தெரியாதவனைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரியும்? பெரிய மனசு, அதனால் எழுதியிருப்பாள்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

லியானா வந்தாள். சாப்பிட்டாள், மைதானப் பேச்சை எடுக்கவில்லை. பாத்திரம் கழுவிவிட்டுத் தனியாக இரண்டாம் கொட்டகைக்குப் போனாள். கோழிகள் இன்னும் மூன்று நாளில் லாரி ஏறப்போகிற பருமன். கால் வைக்க இடமில்லை. நடுவில் அப்படியே நின்றாள். நான் கதவுவரை போனேன். திரும்பிப் பார்த்தாள். காத்திருக்கிற முகம். ‘லியானா, அந்த ஒன்பதாம் வரிசை’ — சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“செருப்பக் கழுவிட்டு வா,” என்றேன்.

ச்சீ. என்ன பொம்பளை நான்.

ஏப்ரல் 24, வியாழன்

“ஐயா, 29ஆம் தேதி கூட்டத்துக்கு அவசியம் வாருங்கள். திருத்திய வரைபடத்தில் பாதி உங்களுடையது. எல்லார் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும். நான் கேட்டதும் எழுந்து நின்றால் போதும், வேறு எதுவும் பேச வேண்டாம்.”

நிற்பேன். நிற்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் 30, புதன்

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. இந்த முறை கொக்கரிப்பு கொஞ்சம்தான், அதுவும் பழகிப்போன கொக்கரிப்பு. அவள் புதுப் படத்தைக் காட்டினாள். முகட்டைப் பெரிதாக்கியிருக்கிறாள். மூன்றாம் பேஸ் பக்கம் இருநூறு இருக்கைக்கு மேலே வானம். “அட, இது பரவால்லையே,” என்று முன்னால் யாரோ சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டம் அவள் பக்கம் திரும்புவது தெரிந்தது.

அப்புறம் காகிதத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்: “இதுல பாதி யோசனை ‘வேலியோரம்’ல எழுதற ஒருத்தரோடது. ஒன்பதாம் வரிசை. அவங்க இங்க இருந்தா எழுந்து நிக்கணும்னு கேட்டுக்கறேன்.”

எல்லோரும் கழுத்தைத் திருப்பித் தேடினார்கள். அவள் தேடவில்லை. என்னைப் பார்த்தாள். என்னை மட்டும்.

நாற்காலிக் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். எழுந்தால் இந்த நானூறு பேருக்கும் தெரியும், சொந்த மகளைச் சந்தி சிரிக்க வைத்தவள் இவள் என்று. ஒரு நொடி. இரண்டு நொடி. உட்கார்ந்துதான் இருந்தேன்.

பக்கத்தில் ஹோயட் எழுந்தார்! தொப்பியைக் கழற்றி நான்கு பக்கமும் கும்பிடு போட்டார். கைதட்டல், விசில். “நம்ம ஹோயட்டா!” “தபால்காரா, கெட்டிக்காரன்யா நீ!” மைதானத்தில் தானும் ஒன்பதாம் வரிசைக்காரர்தானே என்று அவருக்கு ஒரு கணக்கு. மனிதர் முகம் சிவந்து போய், நாற்பது வயது குறைந்த மாதிரி நின்றார்.

“நன்றி, ஐயா,” என்றாள் லியானா. காகிதத்தைப் புரட்டினாள். அதன் பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை.

குழு ஒப்புக்கொண்டுவிட்டது. திருத்தம் முடிக்க ஜூன் வரை நேரம். ஜெயித்துவிட்டாள். வீட்டுக்கு வருவாள் என்று பெக்கான் பை சுட்டு வைத்திருந்தேன். நேராக மெம்ஃபிஸ் போய்விட்டாள்.

இப்போது காலை ஒன்பது மணி. ஒன்பதாம் வரிசையின் தனிச் செய்திப் பெட்டியில் எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே வரி: “லியானா, இது அம்மா.”

மே 1, வியாழன்

பதில்:

“தெரியும்மா. முதல் நாள் சாயங்காலமே தெரியும். அந்தத் திரையப் பாவாடைன்னு சொல்றது இந்த உலகத்துலயே நம்ம வீட்ல மட்டும்தான். எழுதும்போது உனக்கு அது தோணவே இல்ல பாரு. மேசைல வச்சு நேரா கேட்டேன். அப்புறம் ஐயா போட்டுக் கேட்டேன். ஈஸ்டருக்கு வந்து கொட்டகையில நின்னேன். முந்தாநேத்து நானூறு பேர் நடுவுல உன் முகத்தப் பாத்துக் கேட்டேன். நீ கோழிக் கொட்டகைன்னு சொன்னது எனக்கு வலிக்கலம்மா. அது கோழிக் கொட்டகைதான். அழகா இருக்குன்னு சொன்ன பாரு, அது. கொஞ்ச நாள் கூப்பிடாத.”

மே 2, வெள்ளி

ராய்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்வாரத்தில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு காலோடு நிறுத்திவிட்டார்.

“அந்த லாரி... அது நீ எழுதினதா?”

“ஆமா.”

கழற்றிய பூட்ஸைத் தட்டிக் கீழே வைத்தார். பிறகு, “நல்லா எழுதியிருந்த,” என்றார். அப்புறம், “ரப்பர் கோழி வாங்கினத நானும் அவகிட்ட சொல்லல.” மற்ற பூட்ஸையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். குளியலறையில் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

மே 4, ஞாயிறு

கொட்டகைகள் காலி. அடுத்த குஞ்சுகள் வியாழக்கிழமைதான். பொழுது விடிந்ததும் இரண்டாம் கொட்டகைக்குப் போய்த் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தேன். ஏழேகாலுக்கு வெளிச்சம் விழுந்தது. முகட்டிலிருந்து கடைசிவரை, ஒரே கோடாக. தூசி அதில் மெதுவாக ஏறியது.

சரி. அழகுதான். கோழி எரு வாடைக்குக் கண்ணும் எரிந்தது, மூக்கும் ஒழுகியது. இரண்டும்தான் உண்மை. இதை அன்றைக்கே மேசையில் சொல்லியிருந்தால் போதும்.

மே 6, செவ்வாய்

‘வேலியோரம்’ பக்கத்தில் சொந்தப் பெயரில் எழுதினேன். “ஒன்பதாம் வரிசை ஹோயட் இல்லை. நெல்டா ஸ்ட்ரிக்லின் ஆகிய நான்தான். கோழிக் கொட்டகை என்று எழுதியது நான். அதை வரைந்தது என் மகள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எட்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குச் சாக்கு ஒன்றுமில்லை.”

நம்ப மாட்டேன் என்கிறார்கள்! ‘பொம்பளையா? இருக்காது.’ ‘அத்தாட்சி காட்டு.’ ‘பாட்டி, விளம்பரம் தேடாதே.’ பிறகு ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘மகளுக்கு எப்படி இருந்திருக்கும்?’ அதற்குக் கீழே யாரும் ஒன்றும் எழுதவில்லை.

மாலை ஆட்டத்தில் ஹோயட் ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தார். “இப்படி என்னைய நட்டாத்துல விட்டுட்டியே நெல்டா. சர்ச்ல பசங்க என்னப் பாத்து விசில் அடிக்கிறானுங்க.”

“நீங்களா எழுந்தீங்க, நானா எழுந்திருக்கச் சொன்னேன்?”

“யாருமே எழலியே! அந்தப் பொண்ணு பாவம் அங்க தனியா நிக்குதேன்னுதான்...”

ஐந்தாவது இன்னிங்ஸில் கடலைப் பையை நீட்டினார்.

மே 11, அன்னையர் தினம்

போன் வரவில்லை. வராது என்று தெரியும். ராய்ஸ் கெளுத்தி மீன் பொரித்தார்.

மே 17, சனி

கடைசி உள்ளூர் ஆட்டம். தோற்றோம். எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன்.

மே 23, வெள்ளி

மத்தியானம் ராய்ஸ் லியானாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கோழி விலை, வண்டி டயர். அவரிடம் மட்டும் வாரம் ஒரு முறை பேசுகிறாள்; நான் அடுப்படியில் பாத்திரத்தைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருப்பேன். இன்று அவர் வந்து போனை என் கையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

“அம்மா, வியாழக்கிழமை புது எடத்துல நெழல் அளக்கப் போறேன். திறந்த பக்கத்துக்கு எங்க வரைக்கும் வெயில் வருதுன்னு பாக்கணும். கம்பு புடிக்க ஒரு ஆள் வேணும்.”

“எத்தன மணிக்கு?”

“மூணுலேர்ந்து ஆறு வரைக்கும். நிக்க முடியுமா?”

“நிக்கறேன்.”

காரில் எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, இரைச்சல் கேட்டது. நல்ல வார்த்தையாக ஏதாவது சொல்லலாமா என்று தேடினேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

“லியானா, எனக்கு அந்தக் கூரை இன்னும் பிடிக்கலடி.”

“தெரியும்,” என்றாள். அப்புறம், “வெயில் கடுமையா இருக்கும்மா. தொப்பி எடுத்துட்டு வா.”